லிங்க்கை தொட்டதும் நடுவில் என்ன நடக்குது? '302' சொல்லும் கதை!

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது 'ஆஃபர்' என்று ஒரு எஸ்எம்எஸ், கூடவே குட்டி லிங்க். தொட்டால் நேரா கடையின் பக்கத்துக்குப் போறோமா? இல்லை. முதலில் இடையில் இருக்கும் ஒரு சர்வர். அது நேரம், ஐபி முகவரி, போன் வகையைக் குறித்துக்கொண்டு, '302' என்ற எண்ணோடு 'இப்போதைக்கு அங்கே போ' என்று அனுப்பும்.

அந்த 'இப்போதைக்கு'தான் விஷயமே. '301' என்றால் நிரந்தர மாற்றம். பிரவுசர் புது முகவரியை நினைவில் வைத்து, அடுத்த முறை நேரே போய்விடலாம். 302 என்றால் பொதுவாக ஒவ்வொரு முறையும் பழைய வாசலுக்கே வரும், கிளிக்கும் கணக்கில் ஏறும். ஆளுக்கொரு லிங்க் அனுப்பியிருந்தால், தொட்டது நீங்கதான் என்பதும் தெரிஞ்சிடும்.

காலையில் கடைக்குப் போன லிங்க், மாலையில் போலி வங்கிப் பக்கத்துக்கும் போகலாம். ஒரு எழுத்துகூட மாறாது. முன்பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களை 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கச் சொன்னது டிராய். வாட்ஸ்அப்பில் வருவதற்கு அந்த வடிகட்டி கிடையாது. பக்கம் திறந்ததும் மேலே உள்ள முகவரியைப் பாருங்க. பணம் போயிருந்தால் உடனே 1930.