எல்லைக்கோடு இல்லாத ஓட்டம்

ஓட்டப் பந்தயம் என்றால் எல்லைக்கோடு ஒன்று இருக்கும். அதைத் தொட்டதும் ஓட்டம் முடிந்துவிடும். திறன்பேசியில் விளையாடப்படும் ‘டெம்பிள் ரன்’ விளையாட்டில் அந்தக் கோடு இல்லை. பழைய கோவிலிலிருந்து தங்கச் சிலையை எடுத்துக்கொண்டு ஓடும் ஒருவனைக் குரங்குகள் துரத்துகின்றன. அவன் கால் இடறி அவற்றிடம் சிக்கலாம், பள்ளத்தில் விழலாம், மரத்தில் மோதலாம். தப்பித்து வீடு போய்ச் சேர்வது மட்டும் நடக்காது. எல்லா ஆட்டமும் தோல்வியில்தான் முடியும். இருந்தும், தோற்றவர் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறார்.

இவ்வகை விளையாட்டு பரவியதற்குத் திறன்பேசியின் குறை ஒன்றும் காரணம் எனலாம். கண்ணாடித் திரையில் பொத்தான்கள் இல்லை. விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் உணர முடியாது. ஆகவே, கைப்பிடியும் பொத்தான்களும் கொண்ட பழைய விளையாட்டுகளைத் திரைக்கு மாற்றியபோது அவை ஆடுவதற்குச் சிரமமாக இருந்தன. ஆடம் சால்ட்ஸ்மன் என்பவர் 2009ஆம் ஆண்டு உருவாக்கிய ‘கானபால்ட்’ இதற்கு ஓர் எளிய வழியைக் காட்டியது. கட்டடக் கூரைகள்மீது ஓடும் மனிதன் தானாகவே ஓடுவான். விளையாடுபவர் அவனைத் தாவ வைத்தால் போதும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் இவ்விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

‘டெம்பிள் ரன்’ 2011 ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. அமெரிக்காவின் இமாங்கி ஸ்டூடியோஸ் நிறுவனத்தை நடத்திய கீத் ஷெப்பர்ட், நட்டாலியா லக்யனோவா தம்பதியர், கிரில் சாங்கோவ் எனும் ஓவியருடன் சேர்ந்து இதை உருவாக்கினர். இவ்வளவு சிறிய குழுவின் படைப்பு உலகெங்கும் பரவியது வியப்புக்குரியதே. விரலை மேலே தள்ளினால் தாவல், கீழே தள்ளினால் சறுக்கல், பக்கவாட்டில் தள்ளினால் திருப்பம். 

முடிவே இல்லாத பாதையை ஒருவர் எப்படி வரைய முடியும்? உண்மையில் யாரும் வரைவதில்லை. நேர்பாதை, வளைவு, பாலம், பள்ளம் எனச் சிறுசிறு துண்டுகளை மட்டும் முன்கூட்டியே செய்துவைக்கிறார்கள். ஓட்டம் நடக்கும்போதே கணினி நிரல் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்னால் ஒட்டுகிறது. கடந்துபோன துண்டைப் பின்னாலிருந்து எடுத்துவிடுகிறது. ஓடும் இரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே போவது போன்ற வேலை இது. துண்டுகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதால் பாதையை மனப்பாடம் செய்ய இயலாது.

வேகமும் சிறிது சிறிதாக ஏறுகிறது. கண்ணால் கண்டதற்கேற்ப விரல் அசைய ஏறக்குறைய கால் விநாடி ஆகும். தொடக்கத்தில் அது பெரிய தாமதமன்று. வேகம் கூடக் கூட, அந்தக் கால் விநாடிக்குள் ஓடுபவன் பள்ளத்தின் விளிம்புக்கே வந்துவிடுகிறான். விழுந்தபின் விளையாடுபவருக்குத் தோன்றுவது என்ன? ‘இந்த விளையாட்டு கடினம்’ என்பதன்று. ‘சற்று முன்னதாகத் தாவியிருக்கலாமே’ என்பதுதான். தவறு தன்னுடையது என்று தெரிந்தால் அதைத் திருத்தும் ஆசையும் உடனே பிறக்கும். ஓர் ஆட்டத்திற்குச் சில நிமிடங்களே ஆவதால் அந்த ஆசைக்குத் தடையும் இல்லை.

முதலில் 99 சென்டுக்கு விற்கப்பட்ட இவ்விளையாட்டு, சில வாரங்களிலேயே இலவசமாக்கப்பட்டது. வருமானத்திற்கு வேறு வழி வைத்தார்கள். ஓடும்போது திரட்டும் நாணயங்களைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். 2013 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மாணிக்கக் கற்களும் சேர்ந்தன. விழுந்தவுடன், கற்களைச் செலவழித்து விட்ட இடத்திலிருந்தே ஓடலாம் என்று திரை அழைக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே’ என்ற ஏக்கம் மிகுந்திருக்கும் அதே நொடியில் அந்த அழைப்பு வருவது தற்செயலாக இருக்க முடியாது. இரண்டாம் பாகம் இரண்டு வாரங்களுக்குள் 50 மில்லியன் முறை பதிவிறக்கப்பட்டது. 2014இல் இரு பாகங்களின் மொத்தப் பதிவிறக்கம் ஒரு பில்லியனைத் தாண்டியது.

காற்பந்தாட்டத்தில் நேரம் முடிந்ததும் நடுவர் ஊதல் ஊதுவார். கதைப் புத்தகத்தில் அத்தியாயம் முடியும் இடம் உண்டு. இங்கே அத்தகைய நிறுத்தம் எதுவும் இல்லாததால், எப்போது நிறுத்துவது என்பதை விளையாடுபவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ஊதல் பிறகு வெளியிலிருந்து வந்தது. 2018இல் ஆப்பிள் நிறுவனம், ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கும் வசதியைத் தன் திறன்பேசிகளில் சேர்த்தது. நேரம் தீர்ந்ததும் விளையாட்டை மறைத்து ஓர் அறிவிப்பு தோன்றும். அந்த வரம்பை அன்றைக்கு மட்டும் புறக்கணிக்கும் தெரிவும் அதே திரையில்தான் இருக்கிறது.