மரத்தரையும் மரம்போன்ற தரையும்

பார்க்கெட் என்பது மரத்துண்டுகளைக் கோலம்போட்டதுபோல் இணைத்துப் பரப்பிய தரை. லேமினேட் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டிய தரை. கடைகளில் இரண்டையும் பெரும்பாலும் ‘வுடன் ஃப்ளோரிங்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். நின்று பார்க்கிறவருக்கு வேறுபாடு எளிதில் பிடிபடாது. பலகையைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பார்த்தால் போதும். மேலே தெரியும் ரேகை விளிம்பிலும் இறங்கினால் அது மரம். விளிம்பு பழுப்பு நிற அட்டை மாதிரி இருந்து, ரேகை மேல்தோலோடு நின்றுவிட்டால் அது லேமினேட்.

இரண்டில் மூத்தது பார்க்கெட். 1684-இல் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பளிங்குத் தரையைப் பெயர்த்துவிட்டு ஓக் மரப் பார்க்கெட் போட்டார்கள். பளிங்கை அடிக்கடி கழுவ வேண்டியிருந்தது. கழுவிய நீர் கீழே இறங்கி, தரையைத் தாங்கிய மர உத்தரங்களை உளுத்துப்போகச் செய்தது. சதுரச் சட்டத்துக்குள் மூலைவிட்டமாகப் பின்னிய அந்த அமைப்பு இன்றும் வெர்சாய் பெயரிலேயே விற்கிறது. சிறு செவ்வகத் துண்டுகளை ஒன்றன் இடுப்பில் ஒன்று முட்டும்படி குறுக்கும் மறுக்குமாக அடுக்கும் மீன்முள் அமைப்புதான் வீடுகளில் அதிகம் காணப்படுவது.

துண்டுகள் ஏன் சிறியவை? அழகு பாதிக் காரணம்தான். வெட்டிக் காயவைத்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அது ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓக் பலகையின் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு ஏறினால், அதன் அகலம் 2.8 மில்லிமீட்டர் வரை கூடும். பத்துப் பலகை சேர்ந்தால் ஒரு அங்குலத்துக்கு மேல்! அதே மரத்தை 7 சென்டிமீட்டர் அகலத் துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டின் அசைவும் பாதியாகும். மீன்முள்போல் திசை மாற்றி அடுக்கினால் அசைவு ஒரே பக்கம் சேராமல் சிதறும். சில்லறை மரமும் வீணாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் புகழ்பெற்ற பார்க்கெட் ஆடுகளம் 1946-இல் அப்படிப் பிறந்ததுதான். போருக்குப் பின் நீளமான மரம் கிடைக்காததால், மிச்சம் மீதி ஓக் துண்டுகளைச் சேர்த்துச் சதுரம் சதுரமாகச் செய்தார்கள்.

மரத்தின் இந்த அசைவை அடக்கியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனின் குஸ்தாவ் ஷெர். 1941-இல் அவர் காப்புரிமை பெற்ற பலகையில் பல அடுக்குகள் உண்டு. ஒன்றின் ரேகை நெடுக்கே போனால் அடுத்ததன் ரேகை குறுக்கே போகும். ஒன்று உப்ப முயலும்போது மற்றது இழுத்துப் பிடிக்கும். இன்று ‘எஞ்சினியர்டு வுட்’ என்று கடையில் சொல்வது இதைத்தான். மேலே நல்ல ஓக்கோ தேக்கோ, கீழே மலிவான மரம். ஐரோப்பியத் தரவரையறைப்படி மேலடுக்கு 2.5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பார்க்கெட் என்ற பெயரே கிடைக்கும். அதற்கும் மெல்லிய மரச்சீவலை ஒட்டிய பலகையை மரத்தரை விலைக்கு விற்பவர்களும் உண்டு. வாங்குமுன் மேலடுக்கின் கனத்தைக் கேட்பது, மரத்தின் பெயரைக் கேட்பதைவிட முக்கியம்.

லேமினேட்டும் ஸ்வீடன் சரக்குதான். பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் உருவாக்கி, பெர்கோ என்ற பெயரில் 1980-களில் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சமையலறை மேடைகளிலும் மேசைகளிலும் ஏற்கெனவே இருந்த பிளாஸ்டிக் தகட்டை மிதிக்கும் அளவுக்கு உறுதியாக்கியதுதான் அதன் புதுமை. பலகை பொதுவாக 7 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதில் நான்கு அடுக்கு. அடியில் பலகை வளையாமல் இருக்க ஒரு சமன்தாள். நடுவில் எச்டிஎஃப் எனப்படும், மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய அடர்ந்த பலகை; கனம் முழுக்க இதுதான். அதன்மேல் மரரேகை அச்சிட்ட தாள். எல்லாவற்றுக்கும் மேலே, மெலமைன் பிசினில் தோய்த்த கண்ணாடிபோன்ற தாள். அதில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். நான்கையும் சூடான அச்சுத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தினால் ஒரே பலகையாகிவிடும். 1990-களின் பிற்பகுதியில் ஸ்வீடன், பெல்ஜியம் நிறுவனங்கள் கோந்தில்லாமல் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் விளிம்பைக் கொண்டுவந்த பிறகு, தச்சு தெரியாதவரும் ஒரு விடுமுறை நாளில் ஓர் அறையை முடிக்கலாம் என்றானது.

படம் அச்சானது என்பதால் சில பலகைகளுக்கு ஒரு முறை அதே கணு, அதே சுழி திரும்ப வரும். பிரித்த பெட்டிகளைக் கலந்து எடுத்து, ஒரே முகங்கள் அருகருகே வராமல் அடுக்குவது தேர்ந்த ஆள் செய்யும் வேலை.

கீறலைப் பொறுத்தவரை லேமினேட்டே கெட்டிக்காரன். அதன் மேல்தோலில் கலந்த அலுமினியம் ஆக்சைடு, மாணிக்கக் கல்லுக்கும் நீலக் கல்லுக்கும் அடிப்படையான அதே கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 9. செருப்போடு வரும் மணல் 7. பார்க்கெட்டின் மேலுள்ள வார்னிஷோ மணலுக்கு முன் நிற்காது. நாற்காலியை ஒருமுறை இழுத்தாலே கோடு விழும். ஓக், தேக்கு ஆகியவற்றில் குதிகால் உயர்ந்த செருப்பின் முனை பள்ளமே பதிக்கும். லேமினேட்டின் தாங்குதிறனை ‘ஏசி’ எண்ணால் குறிப்பார்கள். ஆய்வகத்தில் உப்புத்தாள் சுற்றிய சக்கரங்களை அதன்மேல் ஓடவிட்டு, எத்தனை சுற்றில் படம் அழியத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். ஏசி-4 பெற 4000 சுற்றாவது தாங்க வேண்டும். படுக்கையறைக்கு ஏசி-3 போதும், கூடத்துக்கு ஏசி-4 நல்லது. வீட்டுக்கு ஏசி-5 வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு.

ஆனால் தேய்ந்த பிறகு நிலைமை தலைகீழ். லேமினேட்டின் தோல் போனால் கீழே தாள், தாளுக்குக் கீழே பழுப்புப் பலகை. அதை இழைக்கவோ பாலிஷ் போடவோ வழியில்லை; பெயர்த்து எறிவதுதான். பார்க்கெட்டை இயந்திரத்தால் தேய்த்து மேல்தோலை எடுத்து மறுபடி எண்ணெயோ வார்னிஷோ பூசினால் புது மரம் வெளியே வரும். ஒரு தடவைத் தேய்ப்பில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் போகும். 3 மில்லிமீட்டர் மேலடுக்கு இரண்டொரு தேய்ப்பைத் தாங்கும். முழுமரப் பார்க்கெட் இன்னும் பல தடவை தாங்கும். தலைமுறை கடந்து உழைக்கும் தரைகள் ஐரோப்பாவில் ஏராளம். ஆகவே விலையை ஒப்பிடுகிறவர் சதுர அடிக் கணக்கோடு நிற்கக் கூடாது. பார்க்கெட்டின் கூடுதல் விலையில் பாதி இந்த மறுபிறவிக்குக் கொடுப்பதுதான்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் தீர்ப்பைப் பெரும்பாலும் அதுதான் சொல்கிறது. கொட்டிய நீர் லேமினேட்டின் தோலை ஒன்றும் செய்யாது; இணைப்பு வழியாக விளிம்புக்குள் போனால்தான் ஆபத்து. எச்டிஎஃப் நீரைக் குடித்து உப்பும். பலகை ஓரங்கள் வரப்புபோல் எழும்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. மரமும் உப்பும், நடுவே குழிந்து கிண்ணம்போல் வளையும். ஆனால் மெல்லக் காயவிட்டால் பெரும்பாலும் திரும்பும், மிச்சத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம். தினமும் வாளியில் நனைத்த துணியால் துடைப்பதும், பண்டிகைக்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வழக்கமான வீட்டில் இரண்டுமே தோற்கும். குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம்; சமையலறைக்கும் டைல்ஸே சரி. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வேறொரு தொல்லையும் உண்டு. பகலெல்லாம் ஈரக் காற்று, இரவெல்லாம் ஏசி. மரம் தினமும் உப்பிச் சுருங்குகிறது. அங்கே முழுமரத்தைவிடப் பல அடுக்குப் பலகையே பொருத்தம். தரைத்தள வீடாக இருந்தால் கரையானையும் நினைக்க வேண்டும். அதற்கு ஓக் என்றும் எச்டிஎஃப் என்றும் பேதமில்லை.

போடும் முறையில் லேமினேட் மிதக்கும் தரை. தளத்தில் ஆணியோ கோந்தோ இல்லை. அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபோம் விரித்து அதன்மேல் பூட்டிக்கொண்டே போவார்கள். நான்கு சுவரையும் ஒட்டி 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்க வேண்டும். இடைவெளி விடாமல் சுவரோடு முட்டவைத்த தரை முதல் மழைக்காலத்திலேயே நடுவில் கூடாரம்போல் எழும். மீன்முள் பார்க்கெட்டைப் பொதுவாகத் தளத்தோடு கோந்து போட்டு ஒட்டுவார்கள். அதனால் நடக்கும்போது ஓசை கனமாக, அடங்கியிருக்கும். மலிவான ஃபோமின் மேல் போட்ட லேமினேட் டொக் டொக்கென்று ஒலிக்கும். மாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரர் அதை முதலில் கவனிப்பார்.

வாடகை வீடு, வளரும் பிள்ளைகள், நாய் உள்ள வீடு, ஐந்து பத்து ஆண்டில் தரையை மாற்றும் எண்ணம் ஆகியவை லேமினேட்டின் பக்கம். சொந்த வீடு, தண்ணீர் புழங்காத அறை, வடுக்களைப் பார்த்து மனம் சுளிக்காத குணம் ஆகியவை பார்க்கெட்டின் பக்கம்.

எதைப் போட்டாலும் முதலில் சிமெண்டுத் தளத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். அடியில் நீர்த்துளி படிந்தால் தளம் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகே வேலையைத் தொடங்கலாம். பலகைப் பெட்டிகளைப் போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரமாவது, மரமானால் இன்னும் சில நாள், பிரிக்காமல் கிடக்கவிட வேண்டும். வேலை முடிந்தபின் மீதமாகும் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. லேமினேட் மாதிரிகள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டால், பிறகு ஒற்றைப் பலகை கெட்டாலும் அதற்கு ஈடு கிடைக்காது.