டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும்: போட்டோக்களைத் தொலைக்காமல் இருக்க

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருக்கிறது. அதை இதில் இணைக்க முடியுமா?" தாராளமாக முடியும். மொபைலிலேயே கேமரா வந்துவிட்ட பிறகு பீரோவுக்குள் போன சிறிய காம்பாக்ட் கேமராக்களை இளைஞர்கள் இப்போது மீண்டும் தேடி எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 2008-ல் அப்பா வாங்கியது. 8 மெகாபிக்சல், ஏஏ பேட்டரி இரண்டு போட வேண்டும்.

அந்தக் கேமராவை எப்படித் தயார் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

முதலில் பேட்டரி

கேமராவை எடுத்தவுடன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்திருந்தால் ஸ்பிரிங் மீது வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை வெறும் விரலால் தொடாதீர்கள். உலர்ந்த துணியாலோ காது குடையும் பஞ்சுக் குச்சியாலோ துடைத்து எடுத்துவிடுங்கள்.

சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண ஏஏ பேட்டரியைக் கேமராவில் போட்டால் சில படங்களிலேயே தீர்ந்துவிடும். கேமராவுக்கு ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் தேவை. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவில், இரண்டு கைவசம். தட்டையான லித்தியம் பேட்டரி போடும் கேமராவாக இருந்தால், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே கூடாது.

தேதி செட் செய்யுங்கள்

பேட்டரி இல்லாமல் நீண்ட நாள் கிடந்த கேமரா தேதியை மறந்துவிடும். ஆன் செய்தவுடன் தேதி கேட்கும். பலர் அதை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு போட்டோ பைலின் உள்ளேயும் எடுத்த தேதி, நேரம், ஃபிளாஷ் அடித்ததா இல்லையா போன்ற தகவல்கள் சேர்ந்தே பதிவாகின்றன. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். பத்து வருடம் கழித்து "இது எந்தப் பொங்கல்?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது இதுதான்.

மெமரி கார்டு: எது பொருந்தும்?

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் எஸ்டி கார்டுதான். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் முக்கியமாக மூன்று வகை உண்டு.

எஸ்டி: 2 ஜிபி வரை.
எஸ்டிஹெச்சி: 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை. 2006-ல் வந்தது.
எஸ்டிஎக்ஸ்சி: 32 ஜிபிக்கு மேல். 2009-ல் வந்தது.

புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும். பழைய கேமரா புதிய கார்டைப் படிக்காது. கடையில் கேட்டவுடன் 64 ஜிபி கார்டு எடுத்துக் கொடுப்பார்கள். அது உங்கள் கேமராவில் ஓடாமல் போகலாம். கார்டு போடும் இடத்தின் அருகே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 8 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 3 எம்பி இருக்கும். 4 ஜிபி கார்டிலேயே ஆயிரம் படங்களுக்கு மேல் பிடிக்கும்.

கார்டின் இடது ஓரத்தில் ஒரு சிறிய பட்டன் நகரும். அது பூட்டு. கீழே தள்ளினால் கார்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. "படம் எடுக்க முடியவில்லை" என்று வரும் பல புகார்களுக்கு இந்தப் பூட்டுதான் காரணம்.

படம் எடுக்கும்போது

மெனுவில் படத்தின் அளவைப் பெரியதாகவே வையுங்கள். 6-க்கு 4 இன்ச் பிரிண்டுக்கு 1800-க்கு 1200 பிக்சல், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். பிறகு ஏன் 8 வேண்டும்? படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் தேவை எப்போது வரும் என்று தெரியாது. எனக்கு வந்தது. பிறகு சொல்கிறேன்.

பட்டனை ஒரேயடியாக அழுத்தாதீர்கள். பாதி அழுத்தினால் கேமரா போகஸ் செய்துகொண்டு பச்சைக் கட்டம் காட்டும். பிறகு முழுவதும் அழுத்துங்கள். படம் மங்கலாக வருவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் நிறுத்திவிடுங்கள். லென்ஸ் நகர்ந்து செய்வது ஆப்டிகல் ஜூம். அதுதான் உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது. அதைப் பிறகு கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

ஃபிளாஷ் வெளிச்சம் சுமார் 3 மீட்டர் வரைதான் போகும். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையைப் பார்த்து ஃபிளாஷ் அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் வெள்ளையாக விழும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவது

கேமராவுடன் வந்த கேபிளைப் போட்டும் மாற்றலாம். பழைய கேமராக்களில் மினி யுஎஸ்பி கேபிள். இன்றைய மொபைல் கேபிள் அதில் பொருந்தாது. என் யோசனை: ஒரு கார்டு ரீடர் வாங்கிவிடுங்கள். காப்பி ஆகும்போது கேமரா பேட்டரி தீர்ந்துபோகும் பயம் இல்லை.

1. கார்டின் பூட்டைப் போட்டுவிட்டு ரீடரில் செருகுங்கள்.
2. பைல் எக்ஸ்புளோரரில் புதிய டிரைவ் ஒன்று தெரியும். அதைத் திறந்தால் டிசிஐஎம் என்ற போல்டர் இருக்கும். எந்தக் கம்பெனி கேமராவானாலும் இதே பெயர்தான். அதனுள்ளே இருக்கும் போல்டர்களில் படங்கள் இருக்கும்.
3. உங்கள் ஹார்ட் டிஸ்கில் தேதியுடன் ஒரு போல்டர் உருவாக்குங்கள். "2024-01-15 பொங்கல்" என்பது போல வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் போல்டர்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.
4. எல்லாப் படங்களையும் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள்.
5. காப்பி ஆன படங்களில் சிலவற்றைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியா என்றும் பாருங்கள்.
6. டாஸ்க்பாரில் உள்ள யுஎஸ்பி ஐகானைக் கிளிக் செய்து, எஜெக்ட் கொடுத்த பிறகே கார்டை எடுங்கள்.

ஆறாவது படியைப் பலர் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொள்ளாதவன்தான்.

நான் செய்த மூன்று தவறுகள்

2022-ல் அக்காவுக்கு வளைகாப்பு. போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று அப்பாவின் கேமராவை எடுத்துக்கொண்டேன். முந்தைய நாள் இரவே கார்டை ஃபார்மட் செய்து காலியாக வைத்திருந்தேன். காலையில் முதலில் வளையல் போட்டது அப்பாயி. வீட்டுக்கு மூத்தவர். தொடர்ந்து 84 படங்கள் எடுத்தேன்.

நடுவில் மாமா ஒருவர் லேப்டாப்பில் பார்க்க வேண்டும் என்றார். கார்டைப் போட்டுக் காட்டினேன். சில படங்கள் படுத்திருந்தன. அவற்றைத் திருப்பி நேராக்கினேன். அதே நேரத்தில் "சாப்பாடு பரிமாறுறாங்க, படம் எடு" என்று கூப்பிட்டார்கள். கார்டை அப்படியே உருவிக்கொண்டு ஓடினேன். இது முதல் தவறு. படத்தைத் திருப்பும்போது கம்ப்யூட்டர் அந்தக் கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது உருவினால், எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையே கெட்டுப்போகும்.

கேமராவில் போட்டேன். கார்டு எரர், ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. பந்தி நடக்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஓகே கொடுத்தேன். இது இரண்டாவது தவறு. படங்கள் லேப்டாப்பில் இருக்கின்றன என்று ஏதோ நினைப்பு. காட்டியது மட்டும்தான், காப்பி செய்யவில்லை.

அதன் பிறகு அதே கார்டில் இன்னும் 23 படங்கள் எடுத்தேன். இது மூன்றாவது தவறு. பெரிய தவறும் இதுதான்.

அன்று மாலை அக்கா கேட்டாள். "டேய் தம்பி, அப்பாயி எனக்கு வளையல் போட்ட போட்டோ எங்கடா?" சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர். பதில் சொல்லத் தெரியவில்லை.

அழித்த படம் எங்கே போகிறது?

ஃபார்மட் செய்தாலும் டெலிட் செய்தாலும் படங்கள் உடனே அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தது போலத்தான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பக்கங்கள் இப்போது காலி என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. அடுத்து எடுக்கும் படத்தை அதன்மேலேயே எழுதிவிடும்.

எனவே படம் தொலைந்தது தெரிந்தவுடன் செய்ய வேண்டியது இதுதான். கார்டை வெளியே எடுங்கள். பூட்டைப் போடுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள்.

பிறகு போட்டோரெக் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்புடன் சேர்ந்தே கிடைக்கிறது. அதில் கியூபோட்டோரெக் என்ற பைலைத் திறந்தால் மவுஸ் வைத்தே வேலை செய்யலாம். மேலே கார்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பார்ட்டிஷனைக் கிளிக் செய்யுங்கள். பைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஃபேட் உள்ள வரியையும் அடுத்து ஹோல் என்பதையும் தேர்வு செய்யுங்கள். மீட்ட பைல்களைச் சேமிக்க ஹார்ட் டிஸ்கில் ஒரு போல்டரைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டவே கூடாது. சர்ச் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பைல்களின் பழைய பெயர்கள் வராது. ஆனால் உள்ளே உள்ள எக்ஸிஃப் தேதி வரும். அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். தேதி செட் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு 60 படங்கள் கிடைத்தன. 24 போய்விட்டன. புதிதாக எடுத்தது 23, போனது 24. ஏன் ஒன்று கூடுதல்? கடைசிப் புதிய படம் ஒரு பழைய படத்தின் தொடக்கத்தில் மட்டும் ஏறியிருக்க வேண்டும். ஜேபெக் பைலின் தொடக்கப் பகுதி போய்விட்டால் மீதி இருந்தும் இந்த புரோகிராமால் அதை அடையாளம் காண முடியாது.

காலியான கார்டில் கேமரா முதல் இடத்திலிருந்து எழுதத் தொடங்கும். எனவே அழிந்தவை எல்லாம் காலையில் முதலில் எடுத்தவை. அப்பாயி வளையல் போட்ட படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

கிடைத்த 60-ல் ஒன்றில் மட்டும் அப்பாயி இருந்தார். யாரையோ எடுத்த படம். பின்னால் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து மிச்ச வளையல்களைத் தட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வருடமே அப்பாயி தவறிவிட்டார். படம் 3264-க்கு 2448 பிக்சல் அளவில் இருந்ததால் அந்த ஓரத்தை மட்டும் வெட்டி 6-க்கு 4 பிரிண்ட் போட முடிந்தது. 2 மெகாபிக்சலில் எடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. இப்போது அக்கா வீட்டு ஹாலில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

பராமரிப்பு

* லென்ஸை வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ துடைக்காதீர்கள். முதலில் சிறிய ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள்.
* வெளியே வந்த லென்ஸைக் கையால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள்.
* கடற்கரை மணல் கேமராவின் எதிரி. லென்ஸ் குழாயில் ஒரு மணல் சிக்கினாலும் நின்றுவிடும்.
* ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் எடுக்காதீர்கள். லென்ஸில் பனி படியும். சிறிது நேரம் பையிலேயே இருக்கட்டும்.
* மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.
* பல நாட்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். லித்தியம் பேட்டரியாக இருந்தால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று

கம்ப்யூட்டரில் போட்டுவிட்டோம் என்று கார்டை உடனே அழிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் போகும். பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்கிலோ இரண்டாவது காப்பி எடுத்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கேமராவிலேயே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோவைக் காப்பி என்று நம்பாதீர்கள். அதில் படத்தின் அளவு குறைந்துவிடும், எக்ஸிஃப் தகவலும் போய்விடும்.

உங்கள் வீட்டுக் கேமராவிலும் காப்பி செய்யாத கார்டு ஒன்று இருக்கலாம். இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.