காலிச் சிரட்டைகளின் வரிசை

உடன்குடிப் பக்கத்துப் பனை விளைகளில் கருப்பட்டி காய்ச்சும்போது கவனித்திருப்பீர்கள். பதநீர் வற்றிக் கூப்பனி என்னும் பாகு திரளும் முன்பே சிரட்டைகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். பதம் வந்தபின் சிரட்டை தேடிப் போனால் பாகு சட்டியிலேயே இறுகிவிடும்.

போனைக் கேபிளால் கணினியில் மாட்டினால் உள்ளே நடப்பதும் இதுதான். யுஎஸ்பி 2.0-வில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் கணினி. கேட்டால் மட்டுமே போன் பேசும். எந்த நொடியில் கேட்கும், எந்த நொடியில் தரவு தரும் என்பது போனுக்குத் தெரியாது. அதனால் போனிலுள்ள டிரைவர் மென்பொருள், தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடங்களான பஃபர்களைக் காலியாக முன்கூட்டியே வரிசையில் நிறுத்துகிறது. கட்டுப்பாட்டுச் சில்லு அவற்றை நிரப்பி நிரப்பித் தருகிறது. ஒன்றைக் காலிசெய்யும் நேரத்தில் அடுத்தது நிறைய வேண்டும். ஒரே சிரட்டையை வைத்துக்கொண்டு கருப்பட்டி ஊற்ற முடியுமா?

சிரட்டை தீர்ந்துவிட்டால்? சில்லு ‘நாக்’ என்று பதில் சொல்லும். பெயரைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது என்று எண்ண வேண்டாம், ‘இப்போது இல்லை, பிறகு வா’ என்று பொருள். கணினியும் கோபிக்காமல் மறுபடி வரும். கேமரா படம், ஒலி போன்ற நேரம் தவறக் கூடாத தரவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. தவறியது தவறியதுதான், இறுகிய பாகு மாதிரி.

கோப்பு முடிந்ததை எப்படி அறிவது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கோப்புகள் போகும் வழியில், நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில், ஒரு பொட்டலத்தின் முழு அளவு 512 பைட். 1,300 பைட் என்றால் 512, 512, 276. கடைசிப் பொட்டலம் குறைவாக வந்ததே முடிவின் அடையாளம். சரியாக 1,024 பைட் என்றால் குறைபொட்டலமே இல்லை. கணினி இன்னும் வரும் என்று காத்திருக்கலாம். அதற்காக ஒன்றுமே இல்லாத பொட்டலம் ஒன்றை அனுப்புவார்கள்!

வேகத்தைவிடக் கடினமானது கணக்குத்தான் என்பேன். யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டால், வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பஃபரையும், நிறைந்ததோ காலியோ, அதை வரிசையில் வைத்தவரிடம் ஒரே ஒருமுறை திருப்பித் தர வேண்டும். ஒன்றை மறந்தால் வைத்தவர் காத்தே கிடப்பார். இருமுறை கொடுத்தால் அடுத்தவர் நினைவகம் கெடும். சாதாரண நேரத்தில், வாங்கியவர் பெரும்பாலும் அந்த நொடியே அதைக் காலிசெய்து வரிசையின் கடைசியில் வைக்க வருவார். ஆகவே லினக்ஸ் டிரைவர்கள், பஃபரைக் கொடுக்கும் முன் ஒரே நேரத்தில் இருவர் தொடாதபடி வரிசைக்குப் போட்ட பூட்டைத் திறந்துவிடும். பூட்டைப் பிடித்துக்கொண்டே கொடுத்தால், வைக்க வந்தவரும் கொடுக்க வந்தவரும் அசையாமல் நிற்க வேண்டியதுதான்.