கரி சுடப் போன டாக்டர்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி அறையில் வைத்து நாலு பேரை விண்கலத்தோடு கீழே தள்ளினேன். யாரும் சாகவில்லை. ஒருத்தர் கையில் பஜ்ஜி இருந்தது.

பயப்படாதீர்கள். ‘ரோல் ப்ளேயிங் கேம்’ என்று ஒரு சமாசாரம். ஒருவர் (அதாவது நான்) உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “நான் இதைச் செய்யறேன்” என்பார்கள். நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் மார்க் மில்லர் 1977-ல் கொண்டு வந்த ‘டிராவலர்’. ஆறுமுகப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை எட்டு அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஜெயம். முப்பத்தாறில் பதினைந்து வாய்ப்பு. அதன் முதல் பதிப்பில், பாத்திரத்தின் பூர்வகதையை உருவாக்கும்போதே ஆள் செத்துப் போகலாம். ஆட்டம் தொடங்குமுன் காரியம்!

நான் போட்ட கதை: ஆளில்லாத கிரகம். காடு, குளிர், நாலு கால் பிராணிகள். முதல் தடவை தாராளமாக லேசர் துப்பாக்கி, மருந்துப் பெட்டி, ஆறு மாச சாப்பாடு எல்லாம் கொடுத்துவிட்டேன். இரண்டே மணி நேரத்தில் கிரகத்தை பிக்னிக் ஸ்பாட் ஆக்கிவிட்டார்கள். ஆபீஸில்கூட அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அலெக்ஸாண்டர் செல்கிர்க் பற்றிப் படித்தேன். ஸ்காட்லாந்து மாலுமி. 1704-ல், “இந்த ஓட்டைக் கப்பலில் வரமாட்டேன்” என்று கேப்டனிடம் சண்டை போட்டு, சிலிக்கு அப்பால் ஒரு தீவில் தனியாக இறங்கினார். (கப்பல் பிற்பாடு நிஜமாகவே மூழ்கியது.) வெடிமருந்து தீர்ந்ததும் ஓடியே ஆடு பிடித்தார். கத்தி தேய்ந்ததும், கரையில் கிடந்த இரும்பு வளையங்களைக் கத்தியாக்கினார். 1709-ல் மீட்க வந்தவர்களிடம் வார்த்தைகளைப் பாதிப் பாதியாகப் பேசினாராம்.

கிரகம் எப்படி இருந்தால் என்ன? கையில் என்ன மிச்சம், அது எப்போது தீரும்? அதுதான் ஆட்டமே! கதையைத் திருத்தினேன். ஒரு கத்தி, கயிறு, லைட்டர், ஒரே ஒரு தடவை சிக்னல் அனுப்ப பேட்டரி. லைட்டருக்கு எதிரே இருபது கட்டம். பற்றவைக்கும்போதெல்லாம் ஒன்றை அடிப்பேன். மூன்று கட்டம் மிஞ்சியபோது நாலு பேரும் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே... மாசக் கடைசியில் பர்ஸைப் பார்க்கிற பார்வை.

“இரும்பு உருக்கிடலாம்” என்றார் பி.இ. படித்த நண்பர்.

“உருக்குங்க சார். 1,538 டிகிரி.”

உருக்காமல், கல்லிலிருந்து பிரித்தெடுக்க மட்டுமே ஆயிரத்து இருநூறாவது வேண்டும். வெறும் விறகு பத்தாது. கரி வேண்டும், துருத்தி வேண்டும். துருத்திக்குத் தோல், தோலுக்குப் பிராணி, பிராணியைப் பிடிக்க... பி.இ. அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.

ஐந்தாவது வாரம், டாக்டர் பாத்திரம் ஆடிய நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எனக்கு நாக்பூருக்கு டிரான்ஸ்ஃபர். இன்னிக்குதான் கடைசி.”

யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை. சிக்னல் போய்ச் சேர்ந்தால் எல்லோரும் ஒன்றாகவே வீடு திரும்பலாம். “நீங்களே போடுங்க” என்று பகடையை அவரிடம் கொடுத்தேன்.

நாலு. மூன்று. ஏழு!

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். என் கிரகம், என் சட்டம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என் ஆளை மட்டும் சாகடிச்சிடாதீங்க. கரி சுடப் போயிருக்கான்னு எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன்.