ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஓர் எண்

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோ விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் போதும். அதற்கும் 183 கிராமைப் போட்டுவிட்டால் மிஞ்சிய காரம் கட்டியிலேயே தங்கி, குளிப்பவர் தோலைப் புண்ணாக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? எண்ணெயின் மூலக்கூறு ஒன்றில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கிளிசரினோடு ஒட்டியிருக்கின்றன. காரம் அவற்றைப் பிரித்துச் சோப்பாக்குகிறது. சங்கிலி ஒன்றுக்குச் சோடா ஒன்று. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் சங்கிலியில் 12 கார்பன் அணுக்கள்தான். விளக்கெண்ணெயின் ரிசினோலியிக் அமிலத்தில் 18. ஒரு கிலோவுக்குச் சாத்துக்குடியைவிட எலுமிச்சம்பழம் அதிகம் நிற்பதுபோல, குட்டைச் சங்கிலிகளும் எண்ணிக்கையில் அதிகம். சோடாவும் அதற்கேற்பக் கூடுதலாகச் செலவாகிறது.

சோப்கால்க் போன்ற கணக்கு மென்பொருள்கள் ஒவ்வொரு எண்ணெய்க்கும் உரிய இந்த எண்ணை வைத்திருக்கின்றன. தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 200 என்று கொடுத்தால் 91.5, 40.2, 25.6 எனத் தனித்தனியே கணக்கிட்டு 157.3 கிராம் என்று கூட்டும். ஆனால் அதை அப்படியே போடுவதில்லை. 5 சதவீதம் குறைத்து 149.4 கிராம் என்று காட்டும். சோப்பாகாமல் மிஞ்சும் அந்தச் சிறிதளவு எண்ணெய்தான் தோலுக்குப் பாதுகாப்பு. தேங்காய் எண்ணெயில் மட்டுமே செய்யும் சோப்பு நன்றாக நுரைத்தாலும் தோலை வறட்டும். அதற்குப் பலர் 20 சதவீதம் வரை குறைக்கிறார்கள்.

ஓரிடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வேதியியல் அட்டவணைகள் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கே எண் தருகின்றன. தேங்காய் எண்ணெய்க்கு அதில் 257 என்றிருக்கும். கட்டிச் சோப்புக்கான சோடியம் ஹைட்ராக்சைடுக்கு, அதாவது காஸ்டிக் சோடாவுக்கு, மாற்ற அதை 1.403ஆல் வகுக்க வேண்டும். மென்பொருளில் எந்தக் காரம் என்று தேர்ந்தெடுக்கும் அந்தச் சின்னப் பொத்தானை மாற்றி அழுத்தினால் சோடா 40 சதவீதம் கூடிவிடும். அளந்து ஊற்றும் முன் நான் இருமுறை பார்ப்பது அதைத்தான்.

கணக்குக்கு இணையாக நான் மதிப்பது பதிவேட்டை. ஒவ்வோர் ஈட்டுக்கும் ஓர் எண், செய்த தேதி, எந்த எண்ணெய், எப்போது வாங்கியது என்று ஏற்றிவைத்தால், சில மாதங்கள் கழித்துக் கட்டியில் செம்புள்ளி விழுந்து சிக்கு வாடை அடிக்கும்போது, பழைய எண்ணெய் எந்தெந்த ஈட்டில் சேர்ந்தது என்று உடனே தேடிவிடலாம். அச்சு பெரிதானால் எல்லா எடைகளையும் மென்பொருளே ஒரே விகிதத்தில் உயர்த்தித் தரும். எல்லாம் கிராமில்தான், டம்ளர் அளவு இங்கே உதவாது.

மென்பொருளுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகவும் மாறும். சரியாக மூடாத டப்பாவிலிருந்து 149.4 கிராம் நிறுத்தெடுத்தாலும் அதில் வேலை செய்யும் சோடா குறைவாகவே இருக்கும். அதனால் ஓர் ஈடு வழக்கத்தைவிடக் குழைவாக வந்தால், பதிவேட்டில் நான் முதலில் தேடுவது அந்த டப்பாவைத் திறந்த தேதியை.