பரீட்சைக் கட்டணம் எங்கே போகிறது?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ், மலையேறுவதற்கு முன் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும். வேலூர்ப் பக்கம் மணலாகக் கிடக்கும் பாலாறு அல்ல இது. மாநில எல்லை மலைக்காடுகளில் பிறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. இந்தக் கரை சேலம் மாவட்டம். எதிர்க்கரை 1997 வரை மைசூர் மாவட்டம். அதன்பின் சாமராஜநகர் மாவட்டம். அங்கும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு.

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை இந்தக் கரையிலிருந்து மேட்டூரிலோ சேலத்திலோ பி.ஏ. சேர்ந்தால், அதன் பரீட்சைக் கட்டணம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும். எதிர்க்கரையிலிருந்து கொள்ளேகாலம் போய்ச் சேர்ந்தால், முன்பு மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும். இப்போது 2023-ல் பிறந்த சாமராஜநகர்ப் பல்கலைக்கழகத்துக்கு. சில நூறு ரூபாய்தான். ஆனால் நம் நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சில நூறு ரூபாயின் பின்னால் போனாலே போதும்.

ஒரு விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். வினாத்தாள் தயாரிக்க ஆசிரியருக்கு ஊதியம், அச்சடிக்கச் செலவு, கட்டுக்கட்டாகக் கல்லூரிகளுக்கு அனுப்பச் செலவு. எழுதிய தாள் திரும்பி வந்ததும் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட வேண்டும். திருத்தும் முகாமில் தாளுக்கு இவ்வளவு என்று பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டும். பிறகு மார்க் ஷீட். இதில் சில செலவுகள் மாணவர் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும். சில ஏறவே ஏறாது. ஒரு பாடத்துக்கு வினாத்தாள் தயாரிக்க இருபதாயிரம் ரூபாய் ஆகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் எழுதினால் ஆளுக்கு நூறு ரூபாய். இருபதாயிரம் பேர் எழுதினால் ஆளுக்கு ஒரே ஒரு ரூபாய். கட்டணமோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, இணைப்புக் கல்லூரிகள் கூடக் கூட ஒவ்வொரு தாளிலும் மிச்சம் கூடுகிறது. அரியர் எழுதுகிறவர், மறுமதிப்பீடு கேட்கிறவர், பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறவர் என்று எல்லோரும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள்.

அந்த மிச்சம் எங்கே போகிறது? நிரந்தரப் பணியிடங்களின் சம்பளத்துக்கு மாநில அரசின் மானியம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் போதாமல். காலியிடங்களை நிரப்ப அரசு அனுமதி தராதபோது, கௌரவ விரிவுரையாளர்களைப் பல்கலைக்கழகம் சொந்தக் காசில் வைத்துக்கொள்கிறது. மின்கட்டணம், நூலகத்தின் சந்தா, ஆய்வகத்தின் ரசாயனம், ஓய்வூதியத்தில் துண்டு விழுவது எல்லாமே இதிலிருந்துதான். மலையடிவாரத்திலிருந்து வந்து முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை தன் வாழ்நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத வளாகத்தின் ஆய்வுக்கூடம், அந்தப் பிள்ளையின் பரீட்சைப் பணத்திலும் ஓடுகிறது. எனக்கு இது பெரிய வியப்பு. இந்த வரிசையில் கடைசியில் நிற்பது நூலகமும் ஆய்வகமும் என்பது பெரிய வருத்தம்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1857-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்களை நிறுவியபோது அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைத்தான் மாதிரியாகக் கொண்டார்கள். பாடம் நடத்துவது கல்லூரி, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். மைசூர் சமஸ்தானத்துக் கல்லூரிகளும் சென்னைக்குக் கீழேதான் இருந்தன. கொள்ளேகாலம் தாலுகாவோ 1956 வரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. இன்று பாலாற்றின் இரு கரைக்கும் இரு பல்கலைக்கழகம் என்றாலும், வேரைத் தேடிப் போனால் இரண்டும் சென்னையில் போய் முடியும்.

1916 ஜூலை 27 அன்று மைசூர் தனியாகப் பிரிந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. பின்னால் நின்றது சமஸ்தானத்துக் கஜானா. கோலார்த் தங்கத்தின் உரிமைத்தொகை, சந்தன மரம், 1902 முதல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்துக் கோலார்ச் சுரங்கத்துக்கு விற்ற மின்சாரம் என்று அந்தக் கஜானாவுக்கு வரும்படி இருந்தது.

அதே சமஸ்தானத்தில், பெங்களூரில், வேறொரு வழியும் நடத்திக் காட்டப்பட்டது. இந்திய அறிவியல் நிறுவனத்துக்காக ஜாம்செட்ஜி டாடா தம் பம்பாய்ச் சொத்துகளை எழுதிவைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் ஆண்டு மானியமும் கொடுத்தது. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் நடத்துவது என்கிற ஏற்பாடு இது. ஹார்வர்டின் மூலநிதி இன்று ஐயாயிரம் கோடி டாலருக்கும் மேல். ஆண்டுதோறும் அதில் ஐந்து சதவீதத்தை ஒட்டி எடுத்தே வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பார்த்துக்கொள்கிறது. சேலத்துக்கோ மைசூருக்கோ அப்படிச் சாய்ந்துகொள்ளப் பெரிய மூலநிதி இல்லை. விடைத்தாள்தான் இருக்கிறது.

அந்த விடைத்தாளைத்தான் நாம் கூறுபோட்டுக்கொண்டே இருக்கிறோம். மைசூரிலிருந்து 1964-ல் பெங்களூர் பிரிந்தது, 1980-ல் மங்களூர், 1996-ல் அஞ்சல்வழிக் கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகத் தனியே போனது. சென்னையிலிருந்து 1966-ல் மதுரை, 1982-ல் பாரதியார், பாரதிதாசன், 1997-ல் பெரியார், 2002-ல் திருவள்ளுவர் என்று பிரிந்தன. மருத்துவம், சட்டம், ஆசிரியர் கல்விக் கல்லூரிகளும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. மாணவருக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் வருவது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாகப்பிரிவினையில் வருமானம் பிள்ளைகளோடு போகிறது. ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களின் பென்ஷன் தாய்வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட பாக்கி 424 கோடி ரூபாய். அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்று வரிவிலக்குப் பெற வேண்டுமானால், மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மானியம் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அரசு குறைவாகக் கொடுத்தது. மீதியைப் பல்கலைக்கழகம் தானே திரட்டியது. திரட்டியதாலேயே வரிக்கு ஆளானது.

எதிர்க்கரையில் நடந்ததையும் பாருங்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் சாமராஜநகர் முதுகலை மையம்தான் 2023-ல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அப்போது தொடங்கிய புதிய பல்கலைக்கழகங்களுக்குத் தலா இரண்டு கோடி ரூபாய் என்று ஒதுக்கினார்கள். ஒரு துறைக்கு நல்ல ஆய்வகம் அமைக்கவே அது காணாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் வளர்ச்சி நிதி வேண்டுமானால், அதன் சட்டத்தின் 12பி பிரிவில் தகுதி பெற வேண்டும். அதற்கு முதலில் கட்டடமும் ஆசிரியர்களும் இருந்தாக வேண்டும். 2025 பிப்ரவரியில், மாநிலத்தின் புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடிவிடலாம் என்று கர்நாடக அமைச்சரவைத் துணைக்குழு ஒன்று பரிந்துரைத்தது. சாமராஜநகரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அடுத்த முறை உங்கள் மாவட்டத்துக்குப் புதிய பல்கலைக்கழகம் என்று அறிவிப்பு வந்தால் மகிழுங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: மூலநிதி எவ்வளவு? நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை? பழைய பல்கலைக்கழகத்தின் பென்ஷனை இனி யார் தருவது? பதில் வராவிட்டால், அந்தப் பணத்தையும் உங்கள் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தில்தான் வசூலிப்பார்கள்.